எதிர்மனுதாரர் சுவர்

தாமோதரனுக்கு வந்த நோட்டீசில் எதிர்மனுதாரர்கள் இரண்டு பேர். ஒன்று, தாமோதரன், உடற்கல்வி ஆசிரியர், வயது ஐம்பத்தொன்று. இரண்டு, சுவர், வயது தெரியவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்துப் பார்த்தார். சுவர் அங்கேயேதான் இருந்தது.

அந்தச் சுவரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில் ஒரு சவுக்குத் தோப்பு, தோப்பைத் தாண்டினால் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. அதன் உயரமான மதில்சுவரில் பத்தடி நீளத்துக்கு 1987-ஆம் வருஷம் தாமோதரன் கரும்பலகைப் பெயின்ட் அடித்தார். வேலைக்குச் சேர்ந்த புதிது, அப்போது அவருக்கு இந்த மாதிரி ஆசையெல்லாம் இருந்தது. வாலிபால் ஆடுகிற பிள்ளை சுவரோரம் நின்று கையை உயர்த்தி ஒரு தொடு தொட வேண்டும். பிறகு விரலைச் சாக்பீஸ் தூளில் தோய்த்துக்கொண்டு எகிறி இன்னொரு தொடு. இரண்டு புள்ளிக்கும் நடுவே ஸ்கேலை வைத்தால் எத்தனை சென்டிமீட்டர் எகிறியது என்று தெரிந்துவிடும். நல்ல எகிறல் என்றால் அந்த இடத்திலேயே பெயரையும் தேதியையும் ஆணியால் கீறி வைப்பார். இருபது வருஷத்தில் சுவர் முழுக்கப் பெயர்கள் நிறைந்துவிட்டன. அதில் ஒன்பது பேர் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போய் இன்றைக்குச் சம்பளம் வாங்குகிறார்கள்.

இதே காரியத்தைச் செய்கிற மின்சாரப் பலகை ஒன்றைச் சிறுசேரியில் ஒரு கம்பெனி கண்டுபிடித்திருந்தது. கண்டுபிடித்ததோடு நிற்காமல் 2005-இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கிவிட்டது. காப்புரிமையின் முதல் வாசகம் இதுதான்: 'மனித உடல் ஒன்று, செங்குத்தான பரப்பொன்றின் மீது, இரு வேறு சமயங்களில் ஏற்படுத்தும் இரு தொடுகைகளுக்கு இடையிலுள்ள வேறுபாட்டை அறியும் முறை.' இதன்படி பார்த்தால், வீட்டு நிலைப்படியில் பிள்ளையின் உயரத்தைப் பென்சிலால் குறித்து வைக்கிற ஒவ்வொரு தகப்பனும் குற்றவாளிதான். அத்தனை தகப்பன்மாரையும் விட்டுவிட்டுத் தாமோதரனை ஏன் பிடித்தார்கள் என்பதைக் கம்பெனியின் மேனேஜர் அபிஷேக் நேரிலேயே வந்து விளக்கினான். மரியாதையான பையன். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பி.டி. ரூமுக்குள் வந்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். பட்டென்ட் இருக்குன்னு சொன்னா, கேஸ் எங்கேன்னு இன்வெஸ்டர்ஸ் கேக்கறாங்க. கேஸ் இல்லேன்னா பட்டென்ட்ல விஷயம் இல்லேன்னு நெனைக்கறாங்க. இந்த டிஸ்ட்ரிக்ட் முழுக்கத் தேடிட்டோம் சார். ஒழுங்கா அளந்து, சர்டிபிகேட்டும் எழுதிக் குடுக்கறவர் நீங்க ஒருத்தர்தான்."

"நான் ஒழுங்கா அளக்காம இருந்திருந்தா?"

"உங்க பக்கமே வந்திருக்க மாட்டோம் சார்."

இருபது வருஷத்தில் தன் வேலைக்குக் கிடைத்த முதல் பாராட்டு இது என்று தாமோதரனுக்குத் தோன்றியது.

இது வெறும் சுவர் விவகாரமாக இருந்திருந்தால் அவர் அன்றைக்கே கறுப்புப் பெயின்டைச் சுரண்டிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார். தெய்வநாயகி இருந்தாள். கோவளத்து மீனவர் வீட்டுப் பெண், பத்தொன்பது வயது. இந்தப் பள்ளியில் படித்து முடித்தவள், இப்போதும் சாயங்காலம் தவறாமல் பயிற்சிக்கு வருகிறவள். ஒரு பெரிய பொதுத்துறை நிறுவனம் தன் வாலிபால் அணிக்குப் பெண்கள் எடுத்துக்கொண்டிருந்தது. வருகிற ஜூன் முப்பதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அதற்கப்புறம் அவளுக்கு வயது தாண்டிவிடும். விண்ணப்பத்தில் ஒரு கட்டம்: 'செங்குத்துக் குதிப்பு, பயிற்சியாளர் அளந்து சான்றளித்தது, கடந்த மூன்றாண்டு அளவுகளுடன்.' அந்தக் கட்டத்தில் எழுதத்தான் தாமோதரன் வேண்டும், சுவர் வேண்டும்.

"வேல வந்துச்சுன்னா போ, இல்லாங்காட்டி அடுத்த ஆவணில கல்யாணம்னு எங்கம்மா சொல்லிடுச்சு சார்," என்றாள் தெய்வநாயகி. "மாப்ள கடப்பாக்கத்துல கீறாராம். நான் இன்னும் பாக்கல."

"ஜூனுக்கு இன்னும் பத்து மாசம் இருக்கும்மா. ஒரு செவுத்து கேசு பத்து மாசமா நடக்கும்?" என்றார் தாமோதரன்.

அவருக்கு ஆணையத்தைப் பற்றித் தெரியாது. விளையாட்டுத் திறன் அளவீட்டு உரிமைகள் தீர்ப்பாணையம் என்று ஒன்று செங்கல்பட்டில், ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இயங்கிவந்தது. தலைவர் ஒருவர், குமாஸ்தாக்கள் நான்கு பேர், டவாலி போட்ட சேவகர் ஒருவர், ஜீப் ஒன்று. தொடங்கி இரண்டு வருஷமாகியும் ஒரு வழக்குகூட வரவில்லை. தினமும் பத்து மணிக்குக் கூடி, வழக்கு எதுவும் இல்லை என்று பதிவு செய்து, ஐந்து மணிக்குக் கலைந்துகொண்டிருந்தார்கள். ஆகவே முதல் வழக்கு வந்த அன்று வழக்குக் கட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூச்சுற்றியிருந்தார்கள். தாமோதரன் படியேறி வந்ததும் ஒரு குமாஸ்தா ஓடிவந்து லட்டு கொடுத்தார்.

தலைவர் வெங்கடராகவன் வேறு ஏதோ துறையில் ஓய்வு பெற்றவர். கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து, ஒரு சிறிய உரை ஆற்றினார்.

"இரு தரப்பாருக்கும் என் நன்றி. நீங்க சண்டை போடலேன்னா நாங்க இல்லை. இந்த ஆணையம் வேணுமான்னு மேலிடத்துல கேள்வி கேட்டாங்க. இனிமே கேக்க மாட்டாங்க. இந்த வழக்கை ரொம்ப நிதானமா, ஆழமா விசாரிக்கப் போறோம். எங்ககிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். அவசரப்பட்டு முடிச்சுட்டா, நாளைக்கு நாங்க ஆபீசுக்கு வந்து என்ன செய்யறது?"

அடுத்து எதிர்மனுதாரர்களை அழைத்தார்கள். தாமோதரன் எழுந்து கும்பிட்டார். சேவகர் வாசலுக்குப் போய், கீழே கல்யாணக் கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரி, "சுவர்... சுவர்... சுவர்..." என்று மூன்று தரம் கூவினார். யாரும் வரவில்லை. இரண்டாம் எதிர்மனுதாரர் நோட்டீஸ் பெற்றும் ஆஜராகவில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

தாமோதரனின் வக்கீல் ஜெயகிருஷ்ணன் செங்கல்பட்டுக்காரர், சுறுசுறுப்பானவர். காதோரம் வந்து, "அண்ணாத்த, இத்த இப்டியே வுட்டா ஒருதலப்பட்சமா தீர்ப்பு எழுதிடுவாங்கோ. செவுத்துக்கும் ஒரு வக்காலத்து போட்டுடலாம்," என்றார். சுவர் சுயமாகப் பேசவோ கையெழுத்திடவோ இயலாத நிலையில் இருப்பதால், மைனர் பிள்ளைக்குப் போல அதற்கும் தாமோதரனே காப்பாளராக நியமிக்கப்பட்டார். அவர் இரண்டு கையெழுத்துப் போட்டார், ஒன்று தனக்கு, ஒன்று சுவருக்கு.

அன்றைக்கே இடைக்காலத் தடையும் வந்துவிட்டது. வழக்கு முடியும்வரை காஞ்சிபுரம் மாவட்ட எல்லைக்குள் எந்தச் செங்குத்துப் பரப்பின் மீதும் எவருடைய குதிப்பையும் தாமோதரன் அளக்கக் கூடாது. உத்தரவைச் சேவகர் ஜீப்பில் கொண்டுவந்து, மைதா பசை காய்ச்சி, அந்தச் சுவரிலேயே ஒட்டிவிட்டுப் போனார்.

பசை வாசனைக்கு ஓர் ஆடு வந்தது. பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைச் சுவரில் ஊன்றி, உத்தரவின் கீழ்ப்பாதியைத் தின்றது. அது போதவில்லை போலிருக்கிறது, ஓர் எம்பு எம்பி மேல்பாதியையும் தின்றது. இதைச் சாலையில் போன கம்பெனி ஊழியர் யாரோ செல்போனில் படம் பிடித்துவிட்டார். இரு வேறு சமயம், இரு தொடுகை, செங்குத்துப் பரப்பு. மூன்றும் இருக்கிறது என்று தடை மீறல் மனு போட்டார்கள். ஆடு 'மனித உடல்' என்ற சொற்றொடருக்குள் வருமா என்பதை ஆணையம் நான்கு அமர்வுகள் விவாதித்தது. ஐந்தாவது அமர்வில், ஆடு வராது, ஆனால் ஆட்டின் சொந்தக்காரர் வரலாம் என்று முடிவாகி, ஆட்டுக்காரரைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு சுவரின் காப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. தாமோதரன் ஆடு ஆடாகப் போய் விசாரித்தார். எல்லோரும் கை விரித்தார்கள். நோட்டீசைத் தின்ற ஆடு என் ஆடுதான் என்று எவன் சொல்வான்?

இப்படியே மாசிவரை போய்விட்டது. மாதம் மூன்று முறை திருப்போரூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து செங்கல்பட்டுக்கு ஒரு பஸ். மாடியேறினால் கீழே நாதஸ்வரம். ஒவ்வொரு முறையும் அவருக்கு முழங்கால் கொஞ்சம் அதிகமாக வலித்தது. எதிர்க்கட்சி வக்கீல்கூட அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஒருநாள் வெற்றிலை கொடுத்தார். இதற்கு நடுவில் தெய்வநாயகி சாயங்காலம் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எகிறிக்கொண்டிருந்தாள். கூடிக்கொண்டே போகிறது என்று பார்த்தாலே தெரிந்தது. எவ்வளவு என்று சொல்லத்தான் அவருக்குச் சட்டப்படி வழியில்லை.

ஜெயகிருஷ்ணன்தான் ஒருநாள் தொடையைத் தட்டிக்கொண்டு சொன்னார். "அண்ணாத்த, நாம இன்னாத்துக்குப் பயப்படணும்? அவன் பட்டென்ட் வாங்குனது ரெண்டாயிரத்தஞ்சு. உன் செவுத்துல எம்பத்தேழுலேருந்து பேரும் தேதியும் கீது. அவன் கண்டுபுடிக்கிறதுக்குப் பதினெட்டு வருசம் முன்னாடியே நீ அளந்துகினு இருந்திருக்க. கண்டுபுடிப்பே புதுசு இல்லன்னு ஆயிடும். தலைவரு ஒரு வாட்டி நேர்ல வந்து செவுத்தப் பாத்தா போதும், அவன் பட்டென்ட் காலி."

தாமோதரனுக்குப் பல மாதங்களுக்குப் பிறகு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கியது. மனு போட்டார்கள், தலைவர் ஒப்புக்கொண்டார். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி காலை பத்தரைக்கு ஆணையம் சுவரை நேரில் பார்வையிடும் என்று பள்ளிக்குத் தபால் போயிற்று.

அந்தத் தபாலைப் பிரித்தவர் தலைமையாசிரியை பர்வதம். நல்ல நிர்வாகி. ஓர் உயர் அதிகாரி பள்ளிக்கு வருகிறார் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு முப்பது வருஷமாக அத்துப்படி. தாமோதரன் மாவட்டப் போட்டிக்காகக் காஞ்சிபுரம் போயிருந்த இரண்டு நாளில் எல்லா ஏற்பாடும் முடிந்துவிட்டது.

பன்னிரண்டாம் தேதி காலையில் பஸ்ஸை விட்டு இறங்கிய தாமோதரன் சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் நின்றுவிட்டார். மதில்சுவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பளீரென்று வெள்ளையாக இருந்தது. இரண்டு கோட் சுண்ணாம்பு. அடியில் காவிப் பட்டை. முன்னால் மாக்கோலம், இரண்டு பக்கமும் வாழைமரம்.

"என்ன மேடம் இது?" என்றார்.

"ஏன் சார், நல்லாத்தானே வந்திருக்கு? செவுரைப் பாக்கத்தான் வராங்கன்னு லெட்டர்ல போட்டிருக்கு. ஒரே கிறுக்கல், அங்கங்க ஆணி வெச்சு நோண்டி வெச்சிருந்தீங்க. பார்த்தா நம்ம ஸ்கூலைப் பத்தி என்ன நினைப்பாங்க? ஓட்டையெல்லாம் சிமென்ட் வெச்சு அடைச்சு, நல்லா தேய்ச்சுட்டுத்தான் அடிக்கச் சொன்னேன். சாமான்யத்துல போகாது," என்றார் பர்வதம்.

அந்த அம்மாளை என்ன சொல்வது? கெட்ட எண்ணம் இருந்திருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம்.

ஜீப் வந்தது. மாலை, பன்னீர், பிள்ளைகளின் கைத்தட்டல். வெங்கடராகவன் சுவரின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"பல சுவர்களைப் பார்த்திருக்கேன். ஒரு அரசுப் பள்ளியில இவ்வளவு சுத்தமான சுவரைப் பார்த்ததில்லை. ஒரு புள்ளி இல்லை, ஒரு கீறல் இல்லை. இருபது வருஷமா இதுல அளந்தாங்கன்னு சொன்னா யார் நம்புவா? நான் நம்பலை. கண்ணால பார்த்ததைத்தான் ஆணையம் நம்பும். அதுக்காகத்தான் கண்ணால பார்க்க வந்தோம்."

ஜெயகிருஷ்ணன் அவசர அவசரமாக ஒரு செய்முறை விளக்கத்துக்கு அனுமதி கேட்டார். தடை தற்காலிகமாக ஒரு குதிப்புக்கு மட்டும் தளர்த்தப்பட்டது. தெய்வநாயகி செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். விரலைச் சாக்பீஸ் தூளில் தோய்த்துக்கொண்டு, இரண்டடி பின்னால் வந்து, முழங்காலை மடக்கி எகிறினாள். அவள் அவ்வளவு உயரம் போய்த் தாமோதரன் அதுவரை பார்த்ததில்லை. சுவரில் விரல் படுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. தாமோதரன் தன்னை மறந்து "சபாஷ்" என்று கத்திவிட்டார்.

தலைவர் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தார். குமாஸ்தாக்கள் ஏறிப் பார்த்தார்கள். அபிஷேக்கும் ஏறிப் பார்த்தான். வெள்ளைச் சுவரில் வெள்ளைத் தூள் எங்கே தெரியும்?

"அடுப்புக்கரிய தொட்டுகினு இன்னொரு வாட்டி எகிறட்டுமா சார்?" என்றாள் தெய்வநாயகி.

"கூடாதும்மா," என்றார் வெங்கடராகவன் கனிவாக. "ஆவணங்கள்ல சாக்பீஸ்னுதான் இருக்கு. கரி வேற பொருள். அது ஒரு புதுக் கண்டுபிடிப்பா ஆயிடும். அதுக்குத் தனியா விண்ணப்பிக்கணும்." பதிவேட்டில், 'பெண் குதித்தார். தடயம் ஏதுமில்லை,' என்று எழுதிக்கொண்டு, கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஜூன் பிறந்தது. வழக்கு இப்போதைக்கு முடிகிற வழியாயில்லை. ஆட்டு மனுவே இன்னும் பாக்கி இருந்தது. அப்போது ஜெயகிருஷ்ணன் கடைசி யோசனை ஒன்றைக் கொண்டுவந்தார். மண்டபத்து வாசலில் டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

"அண்ணாத்த, தலைவரே வாயால சொல்லிட்டாரு, இந்தச் செவுரு எத்தையும் அளக்கலன்னு. நாமளும் அத்தயே சொல்லிடுவோம். அளக்காத செவுரு மேல எப்டி கேசு நிக்கும்? பத்தே நாள்ல தள்ளுபடி. தடையும் பூடும். நீ பொண்ண நிக்க வெச்சு அளந்து சர்டிபிகேட்ட குடுத்துடு."

"அளந்தது நெஜம்தானேப்பா."

"நெஜம்தான். இன்னா இப்போ? நெஜத்த வெச்சிகினு பத்து மாசமா இன்னா கிழிச்ச? ஒரே ஒரு கையெழுத்து. ஜூன் முப்பது வேணுமா, வேணாமா?"

உறுதிமொழிப் பத்திரத்தில் இப்படி இருந்தது: 'மேற்படி சுவர் எக்காலத்திலும் எதையும் அளந்ததில்லை. அதில் எழுதப்பட்ட எண்கள் யாவும் உத்தேசமானவை, பிள்ளைகளை உற்சாகப்படுத்தும் பொருட்டு என்னால் எழுதப்பட்டவை.' தாமோதரன் அதைப் படித்துவிட்டுப் பேனாவை வாங்கினார். அவருக்கு அலுத்துப் போயிருந்தது. அலுப்பில் மனிதன் எதற்கும் கையெழுத்துப் போடுவான் என்பது தெரிந்துதான் இந்த மாதிரி ஆணையங்களை மாடியில் வைக்கிறார்கள். தனக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று என்று இரண்டு கையெழுத்துப் போட்டார்.

ஜூன் பதினெட்டாம் தேதி தீர்ப்பு. கீழே கெட்டிமேளம் முழங்கிக்கொண்டிருந்ததால் தலைவர் இரண்டு முறை வாசிக்க வேண்டியிருந்தது. எதிர்மனுதாரர்கள் வெற்றி, வழக்கு தள்ளுபடி, தடை நீக்கம். அபிஷேக் கைகொடுத்தான். அவனுக்கும் வருத்தமில்லை, கேஸ் நடந்தது என்று இன்வெஸ்டர்களிடம் காட்டியாகிவிட்டது. வெங்கடராகவன் மட்டும் ஒரு கட்டுக் காகிதத்தை மெதுவாக மூடி வைத்துக் கண்ணாடியைக் கழற்றினார். நாளைக்கு என்ன செய்வது என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது.

அன்று சாயங்காலமே தாமோதரன் தெய்வநாயகியை நிறுத்தி, கரியைத் தொட்டுக்கொண்டு எகிறச் சொன்னார். ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். இருபது வருஷத்தில் அந்தச் சுவரில் யாரும் எட்டாத உயரம். அவளிடமிருந்த பழைய சான்றிதழ்களைப் பார்த்து முந்தைய மூன்று வருஷத்து அளவுகளையும் சேர்த்து, தன் கையெழுத்திலேயே அழகாக எழுதிக் கொடுத்தார்.

ஜூலை முதல் வாரத்தில் ஒருநாள், பிள்ளைகள் வலை கட்டிக்கொண்டிருந்தபோது தெய்வநாயகி வந்தாள். விளையாட்டு உடையில் இல்லை, பாவாடை தாவணியில் இருந்தாள். கையில் இரண்டு தாள். ஒன்று அவர் கொடுத்த சான்றிதழ், குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருந்தது. இன்னொன்று ஜெராக்ஸ். ஆணையம் தன் முதல் தீர்ப்பை, உறுதிமொழிப் பத்திரத்தோடு சேர்த்து அச்சடித்து, எல்லா விளையாட்டு அலுவலகங்களுக்கும் பெருமையாக அனுப்பி வைத்திருந்தது.

"இது உங்க கையெழுத்துதானான்னு வேல ஆபீசுல கேட்டாங்கோ சார்," என்றாள். "ஆமான்னுட்டேன். இத்தினி வருசமா பாத்துகினு கீறேனே. அளந்தவரே அளக்கலன்னு சொல்லிக்கீறாரு, நாங்க இன்னா பண்ண முடியும்னாங்கோ. அங்கயே எகிறிக் காட்றேன்னு சொன்னேன். தேதி முடிஞ்சு போச்சுன்னாங்கோ."

தாமோதரன் ஜெராக்சை வாங்கிக்கொண்டார். படிக்கவில்லை.

"நான் எகிறினது உத்தேசமா சார்?"

"இல்லம்மா. அம்பத்தெட்டு. சத்தியமா அம்பத்தெட்டு."

"அத்த செங்கல்பட்டுல சொல்லியிருக்கலாமே சார்."

"உனக்காகத்தாம்மா கையெழுத்துப் போட்டேன்."

"தெரியும் சார்," என்றாள் தெய்வநாயகி. அவள் கோபமாக இருந்தால் நன்றாயிருக்குமே என்று அவருக்கு இருந்தது. அவள் கோபமாக இல்லை. "நீங்க கேசுல ஜெயிச்சுட்டீங்கன்னு கேட்டதும் எங்கம்மா கோயிலுக்குப் போயி தேங்கா ஒடச்சுது சார்."

சாலையில் பஸ் சத்தம் கேட்டது. அவள் தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள்.